தகப்பன் மகனைக் கும்பிடும் ஊர்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். அண்டா, குண்டான், அரிசி மூட்டை, பாய், ஜமுக்காளம் எல்லாவற்றோடும் குடும்பம் குடும்பமாக ஏறியிருந்தார்கள். அம்பாசமுத்திரத்தில் இறங்கி, காரையாற்றுக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற கூட்டம். எனக்கு எதிரே இருந்த பெரியவர் மடியில் மஞ்சள் துணியால் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. வண்டி சேரன்மகாதேவியில் நின்றபோது அதை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். உள்ளே புதுத் தோல் செருப்பு ஒரு சோடி.

"யாருக்கு தாத்தா?"

"பட்டவராயருக்குய்யா. எங்க ஐயா காலத்துலேருந்து குடுக்கோம். போன வருசம் கட்டுனது இப்பத் தேஞ்சிருக்கும். அவரு நடக்காருல்லா."

பட்டவராயர் என்று அவர் சொன்ன தெய்வம் முத்துப்பட்டன். பிராமணக் குடியில் பிறந்தவன். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பினான். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, தோல் வேலை கற்று, அவர்களை மணந்தான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மடிந்தான். இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடைத்து வளர்ந்தவர்கள் என்று கதையைத் திருத்திப் பாடிய வடிவங்களும் உண்டு. சாதி கடந்த மணத்தைத் தாங்க முடியாத யாரோ கதையில் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் செருப்பில் யாரும் கை வைக்க முடியவில்லை. மற்றக் கோயில்களில் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய பொருள், இங்கே காணிக்கையாகச் சந்நிதியில் தொங்குகிறது. ஏட்டை மாற்றிவிடலாம், ஆயிரம் குடும்பங்களின் கை பழகிய வழக்கத்தை மாற்றுவது எளிதில்லை.

அம்பாசமுத்திரத்தில் பெட்டி பாதிக்கு மேல் காலியானது. பெரியவர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிப் போனார். நான் தென்காசிக்கு வந்துகொண்டிருந்தேன். பையில் தொ. பரமசிவனின் 'அழகர் கோயி'லும் பழஞ்சீனச் சிந்தனை பற்றிய இரண்டு மூன்று புத்தகங்களும் இருந்தன. இவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கத் தூண்டியது ஒரே கேள்விதான். ஒரு சமூகத்தின் ஆதிச் சிந்தனை எங்கே இருக்கிறது? அது எழுதிவைத்த நூல்களிலா, அது செய்துகொண்டே இருக்கும் சடங்குகளிலா? இந்தக் கேள்விக்கு வாழ்நாளைக் கொடுத்த அறிஞர்கள் சீனத்தைப் படித்தவர்களிலும் இருக்கிறார்கள், நம் தாமிரபரணிக் கரையிலும் ஒருவர் இருந்தார்.

அவர்தான் தொ.ப. என்று அழைக்கப்படும் பரமசிவன். 1950இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். இளையான்குடியிலும் மதுரை தியாகராசர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். பிறகு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குத் தலைமை ஏற்றார். 2020 டிசம்பர் 24 அன்று மறைந்தார். முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய 'அழகர் கோயில்' 1989இல் நூலாக வந்தது. கோயில் ஆய்வு என்றால் கல்வெட்டு, சிற்பம், தலபுராணம், கட்டடக் கலை என்று இருந்த காலம் அது. தொ.ப. அவற்றோடு நிற்காமல் கோயிலுக்கு வருகிறவர்களைப் படித்தார். கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்று தனித்தனியாகக் கேட்டார். மாட்டுவண்டி கட்டி வருகிறவர்கள், திரியெடுத்து ஆடுகிறவர்கள், துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் எல்லாரும் அவருக்கு ஆதாரங்கள் ஆனார்கள். அழகர் வைகைக்கு வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க என்று கோயில் சொல்லும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்து, நேரம் தவறித் திரும்பிப் போகிறார் என்று சனம் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சனங்களின் கதைக்கும் ஆய்வேட்டில் சரிபாதி இடம் கொடுத்தார். பெருமாள் கள்ளர் வேடம் போட்டு மலையிறங்குவதை அலங்காரம் என்று அவர் விட்டுவிடவில்லை. ஒரு பெருங்கோயிலும் அதைச் சுற்றி வாழ்ந்த வலிய மக்களும் செய்துகொண்ட உடன்படிக்கை அந்த வேடத்தில் இருப்பதைக் கண்டார்.

இத்தனையையும் செய்தவர் தம்மைப் பெரியாரியர் என்று சொல்லிக்கொண்டவர். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் சாமி கும்பிடுகிறவர்களை இவ்வளவு மரியாதையோடு எப்படிப் படித்தார் என்று பலரும் வியந்ததுண்டு. எனக்கு அதற்கு விடை தந்தவர், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சீனர்.

சுன்ஸி கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர். சீ நாட்டின் ஜிஷியா கல்விக் கூடத்தில் மூன்று முறை தலைமை இடத்தில் இருந்தவர். வானம் யாருடைய வேண்டுதலுக்கும் செவிசாய்ப்பதில்லை என்பது அவர் துணிபு. மழைக்குச் சடங்கு செய்கிறோம், மழை பெய்கிறது; செய்யாமல் விட்டாலும் இதே மழைதான் பெய்யும் என்கிற கருத்தை ஒளிவு மறைவின்றி எழுதினார். ஆனால் சடங்குக்காக அவரைப் போல வாதாடியவர் பழஞ்சீனத்தில் வேறு யாரும் இல்லை. துக்கத்துக்கும் ஆசைக்கும் அச்சத்துக்கும் ஒரு வடிவம் கொடுக்காவிட்டால் மனிதர் சிதறிப் போவார்கள். அந்த வடிவம்தான் சடங்கு என்றார். தெய்வம் கேட்கிறதா என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, சடங்கு மனிதருக்கு என்ன செய்கிறது என்று கேட்டவர் அவர். தொ.ப. கேட்டதும் அதே கேள்விதான்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் மேற்கே மலை நெருங்கி வந்துவிடுகிறது. தென்காசியில் இறங்கும்போதே சாரல் காற்றில் இருந்தது. காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலுக்குள் நுழைந்தால் அந்தக் காற்று மலைக் கணவாயிலிருந்து நேராக வந்து ஆளைத் தள்ளும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. மதுரை கைவிட்டுப் போன பிறகு தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களின் ஊர் இது. பராக்கிரம பாண்டியன் 1446இல் இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கினான். காசிக்குப் போக முடியாதவர்களுக்குக் காசி இங்கேயே இருக்கட்டும் என்பது எண்ணம். கங்கைக் கரைக் காசி எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், அவன் குடிகளுக்கும் தெரியும். தெரிந்தே இதுதான் காசி என்று வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொண்டதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறைகள் காப்பாற்றி வருகின்றன.

இந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியனின் பெயரால் தமிழ்ப் பாடல்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கருத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். பிற்காலத்தில் இந்த ஆலயத்துக்கு ஏதாவது குறை வந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் எவராக இருந்தாலும், உலகம் அறிய அவரை நான் இப்போதே பணிந்துவிட்டேன் என்கிறான் அரசன். இன்ன குலத்தவர், இன்ன நாட்டவர் என்று ஒரு நிபந்தனையும் கிடையாது. இன்னும் பிறக்காத, முகம் தெரியாத ஒருவர் முன்னால் முடிசூடிய பாண்டியன் விழுந்து கிடக்கிறான். நம் கோயில் சுவர்களில் தானம் கொடுத்த பெருமையையும் தானத்தைக் கெடுத்தவனுக்குச் சாபத்தையும் எத்தனையோ பார்க்கலாம். இப்படியொரு கும்பிடைப் பார்ப்பது அரிது.

அவன் கும்பிட்டது வீண்போகவில்லை. ராசகோபுரம் இடையில் பாழ்பட்டு, நீண்ட காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ஊர் கூடி, வெளியூர் உதவி, 1990இல் ஒன்பது நிலைகளோடு சுமார் 180 அடிக்கு அது மறுபடி எழுந்தது. அந்தத் திருப்பணியில் சாந்து சுமந்த சித்தாள் வரைக்கும் ஒவ்வொருவரும், பாண்டியனின் கும்பிடை வாங்கிக்கொண்டவர்கள்தான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே குற்றாலம் நிரம்பியிருந்தது. பேரருவி பொங்குமாங்கடலில் விழுந்து துள்ளி, கீழே பாறையில் விசிறிக்கொண்டிருந்தது. அருவிக்கரையில் ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்து தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எள்ளும் தண்ணீரும் விரல்களின் இடுக்கில் ஒழுக, அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் ஒரு இளைஞனுக்கு மூன்றாவது பெயர் வரவில்லை. கைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா பெரியத்தையைக் கேட்டுச் சொன்னாள். அந்தப் பெயரை அவன் உரக்கச் சொல்லி எள்ளை விட்டபோது, ஒரு மனிதர் மறதியின் விளிம்பிலிருந்து இன்னும் ஒரு தலைமுறைக்குத் திரும்பி வந்தார். சடங்கு என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் கண்டதில்லை.

நீரும் மலையும் சேரும் இடத்தில் மக்கள் கூடுவதை வைத்தே பழஞ்சீனத்தைப் புதிதாகப் படித்தவர் மார்செல் கிரானே. பிரெஞ்சுக்காரர், 1911 முதல் 1913 வரை சீனத்தில் தங்கிக் கற்றவர். முந்நூற்றைந்து பாடல்கள் கொண்ட 'ஷிஜிங்' சீனத்தின் ஆதித் தொகை. தமிழில் நமக்கு அதன் பாடல்களைச் சீன மொழியிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்தவர் பயணி என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன். 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்ற அவருடைய நூல் 2012இல் வந்தது. 'ஷிஜிங்' தொகையின் காதல் பாடல்களுக்கு அரசியல் அறிவுரை, அமைச்சனுக்கு உவமை என்றெல்லாம் உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பொருள் சொல்லி வந்தார்கள். கிரானே 1919இல் வெளியிட்ட நூலில் உரைகளை விலக்கிவிட்டுப் பாடல்களைப் பார்த்தார். ஆற்றங்கரையிலும் மலையடியிலும் பருவம் தோறும் கூடிய கிராமத்து இளைஞரும் பெண்களும் எதிரெதிர் நின்று பாடிய திருவிழாப் பாட்டுகள் இவை என்றார். சான்றோரின் உரைக்கு அடியில் உழுகுடிகளின் விழா இருந்தது. குறிஞ்சித் திணையையும் குரவைக் கூத்தையும் தெரிந்த நமக்கு இது அயலான செய்தியாகவே தோன்றாது. குற்றாலச் சாரலில் நனைந்தபடி நிற்கும்போது, அவர் சொன்ன அந்தச் சீன ஆற்றங்கரை மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது.

அருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவில் அமைந்த ஆலயம். வெளியே கொட்டும் அருவிக் குளிரில் சாமிக்குச் சளி பிடிக்கக்கூடாது என்று இரவுப் பூசையில் மருந்துக் கஷாயம் படைக்கிறார்கள். தலையில் மூலிகைத் தைலம் வைக்கிறார்கள். தைலத்துக்கு ஒரு கதை உண்டு. முன்பு இங்கே திருமால் நின்றிருந்தார், அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார், அந்த அழுத்தத்தில் வந்த தலைவலிக்குத்தான் தைலம் என்கிறார்கள். தொ.ப.வைப் படித்தவர்கள் இந்தக் கதையைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. தலபுராணம் இதை வெற்றியாகப் பேசும். தைலமோ அந்த மாற்றம் வலித்தது என்று சொல்கிறது. வென்ற சமயத்தின் கருவறையிலேயே, தோற்றதன் வலிக்கு மருந்து தடவப்படுகிறது. வழிபாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன வழக்கங்களைத்தான் தொ.ப. தம் ஆயுள் முழுக்கச் சேகரித்தார். 'அறியப்படாத தமிழக'த்தில் உப்பு, எண்ணெய், உரல், பல்லாங்குழி என்று அவர் தொட்டதெல்லாம் நம் வீட்டுக்குள் கிடந்தவை. பல்லாங்குழியில் ஒரு பெண் குழி குழியாக இழப்பதைப் பார்த்து, சொத்தில் ஏற்றத்தாழ்வு பிறந்த கதையை அதிலிருந்து எடுத்துக் காட்டியவர் அவர்.

அன்று மாலை தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் கொடை. நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். பந்தலில் வில்லுப்பாட்டு முடிந்து, சாமக் கொடைக்கு மேளம் வேகம் பிடித்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்மேல் சாமி வந்தது. பகலில் டிராக்டர் ஓட்டுகிறவர். மஞ்சள் நீராட்டி, கச்சை கட்டி, கையில் வேப்பங்குலையோடு ஆடி நின்றார். சனம் ஒவ்வொருவராக வந்து திருநீறு வாங்கியது. வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர் வந்து நின்றார். நண்பர் என் காதருகே, "சாமியாடியோட அப்பா" என்றார். அந்தப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மகன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என் குடும்பத்தைக் காப்பாத்து தாயி" என்று கண்ணீரோடு கேட்டார். "நான் இருக்கேன், போ" என்று சாமி அவர் நெற்றியில் திருநீறு பூசியது.

அந்த நிமிடத்தில் எனக்குப் பழஞ்சீனச் சடங்கு ஒன்று கண்முன் வந்தது. சோவு காலத்து முன்னோர் வழிபாட்டில், இறந்த தாத்தாவின் இடத்தில் பேரனை உட்கார வைப்பார்கள். 'ஷி' என்று அவனுக்குப் பெயர். அவன் உண்பது முன்னோர் உண்பது. அவன் குடிப்பது முன்னோர் குடிப்பது. படையல் வைக்கிற தகப்பன் தன் சொந்த மகனைத் தன் அப்பாவாகக் கண்டு அவன் முன்னால் பணிந்து நிற்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பழஞ்சீனச் சிந்தனை கற்பிக்கும் மைக்கேல் பியூட் இந்தச் சடங்கை விளக்கும் முறை என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. உறவுகள் நடைமுறையில் இறுகி, முறுகி, பழசாகிப் போகின்றன. தகப்பன் அதிகாரம் செய்கிறவனாகவும் மகன் முரண்டு பிடிக்கிறவனாகவும் ஆகிவிடுகிறார்கள். சடங்கு அவர்களைச் சில நாழிகைக்கு இடம் மாற்றி நிறுத்துகிறது. தகப்பன் மறுபடி ஒருவருக்கு மகனாகிறான். மகன் பெரியவனின் பொறுப்பு எப்படிக் கனக்கும் என்று உணர்கிறான். இது நிசம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே அப்படி நடந்துகொள்வதால்தான், திரும்பி வரும்போது கொஞ்சமாவது மாறி வருகிறார்கள். 2008இல் வேறு மூவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலும் சடங்கின் இந்த 'இப்படி இருந்தால்' என்ற தன்மையைப் பற்றியதுதான்.

ரயிலில் பார்த்த செருப்பும், பாண்டியன் கல்லில் வெட்டிய கும்பிடும், மகன் காலில் விழுந்த அப்பாவும் அந்த இரவில் எனக்கு ஒரே வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றிலும் மேலே இருப்பது கீழே வருகிறது, கீழே இருப்பது மேலே போகிறது. பிராமணன் செருப்புத் தைத்துத் தெய்வமாகிறான். அரசன் அறியாதவன் முன் பணிகிறான். பெருமாள் கள்ளராகிறார். இதைத் தத்துவ நூலாக யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் முத்துப்பட்டன் கதையைப் போல அதையும் திருத்தியிருப்பார்கள். உடம்பால் செய்து செய்து மக்கள் இதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சுன்ஸியிடமிருந்து தொ.ப. விலகும் இடமும் இதுதான். சடங்கு மனிதர் செய்த ஒழுங்கு என்பது சான்றோருக்குத் தெரியும், பாமரர்தான் அதைத் தெய்வச் செயல் என்று எண்ணுவார்கள் என்பது சுன்ஸியின் கணக்கு. அவர் அரசாட்சிக்கு ஆலோசனை சொன்னவர், மேலிருந்து பார்த்தார். தொ.ப. வரிசையில் நின்று பார்த்தார். செருப்புக் கொண்டுபோன பெரியவருக்குத் தாம் செய்வது என்னவென்று தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. "அவரு நடக்காருல்லா" என்று அவர் சொன்ன குரலில் நம்பிக்கையும் இருந்தது, அறிவும் இருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே கொடையில் எந்தத் தெருவுக்கு எந்த இடம் என்பதும் வகுக்கப்பட்டிருந்தது. யார் பந்தலுக்குள், யார் பந்தலுக்கு வெளியே என்பதும் சடங்காகவே இருந்தது. முத்துப்பட்டனுக்குச் செருப்புக் கட்டுகிற குடும்பங்களில் எத்தனை, தங்கள் பெண்ணை அருந்ததியர் வீட்டுக்குக் கொடுக்கும்? தலைகீழாக்கம் ஒரு ராத்திரியோடு முடிந்து, விடிந்ததும் பழைய வரிசை திரும்பிவிடுகிறது. பெரியாரின் மாணவராகிய தொ.ப. இதை நன்றாக அறிந்தவர். அதனால்தான் சடங்குகளை அவர் கொண்டாடி மட்டும் எழுதவில்லை. அவற்றுக்குள் யார் அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். கேட்ட பிறகும் அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சமத்துவத்தை மக்கள் கனவாகவாவது எங்கே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடினார்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. இங்கே ஊருக்கு ஊர் சாஸ்தா கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சிதறிய குடும்பமெல்லாம் வந்து சேர்கிறது. சங்கரன்கோவிலில் ஆடித்தபசு, சிவனையும் திருமாலையும் ஒரே உடம்பில் காண ஒரு பெண் தெய்வம் தவம் இருந்ததைச் சொல்கிறது. கணியான் கூத்தின் மகுடம் ஒலிக்கும் ஊர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர்க் கொடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யார் என்ன கொண்டு வருகிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள், யார் காலில் யார் விழுகிறார்கள் என்று எழுதட்டும். எழுதி முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வியையும் கேட்கட்டும்: ராத்திரி விழ முடிந்த காலில், பகலில் ஏன் விழ முடியவில்லை? சீனத்திலும் சரி, சிற்றாற்றங்கரையிலும் சரி, சடங்கைப் படிப்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.